சத்தத்துக்கு ஒரு வாய்

ஓரின் ட்வெட் இறந்த பிறகும் அவனுடைய சத்தம் மட்டும் ஆட்டம் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. ஹாலிங்ஃபோர்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் கிழக்குப் படிவரிசையில், அவன் உட்கார்ந்த அதே இருக்கையிலிருந்து, எதிரணி பந்தை முன்னேற்றும் தன் மூன்றாவது முயற்சிக்கு வரிசைகட்டி நிற்கும் நேரம் பார்த்து அது கிளம்பும். "தள்ளுங்கடா அவனுங்கள!" என்று, சோளம் அரைக்கும் இயந்திரத்தில் கல் விழுந்ததுபோல ஒரு கரகரப்பு. அதைக் கேட்டதும் எதிரணித் தலைவன் கொடுக்கும் குரல் அவன் ஆட்களுக்கே எட்டாமல் போய்விடும். யாராவது ஒருவன் பந்து நகரும் முன்பே பாய்ந்துவிட, அபராதமாக அணியே ஐந்து கெஜம் பின்னால் போகும். அயோவாவின் அந்தப் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. முன்வரிசைக்காரர்கள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் அவன் மனைவி மார்லிஸ் எப்போதும்போலக் கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். ஓரின் வாரம் முழுக்க வீட்டில் பேசாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் சனிக்கிழமை மைதானத்தில் கொட்டும் ஆள். "மெதுவா, ஓரின்" என்று அவள் சொல்லாத ஆட்டம் கிடையாது. அவன் கேட்ட ஆட்டமும் கிடையாது. அவன் போன பிறகு அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. முயற்சிகளுக்கு நடுவே மார்லிஸ் அதன் பக்கம் சாய்ந்து, கொதிகலன் பழுதானதையும் தங்கச்சி மகளுக்குப் பெண் பிறந்ததையும் சொல்லுவாள். எல்லா மனைவிமார்களையும்போல அவளும் பதிலை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

கல்லூரி முதல்முறையாக இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குத் தேர்வாகி, முதல் ஆட்டம் சொந்த மைதானத்திலேயே என்று முடிவான டிசம்பரில், போட்டிக் குழு தன் விதிகளோடு டெல்மர் க்ரோஸ் என்ற அதிகாரியையும் அனுப்பிவைத்தது. பந்தை வைத்துவிட்டால் பேண்டு வாத்தியம் நிற்க வேண்டும். ஒலிபெருக்கி வாயைத் திறக்கக் கூடாது. மணி, ஊதல், தகர டப்பா எதுவும் உள்ளே வரக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்த வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம். க்ரோஸ் நல்ல மனிதர்தான். ஆனால் வியாழக்கிழமைப் பயிற்சியின்போது காலி இருக்கை ஒன்று கத்துவதை அவர் காதால் கேட்டுவிட்டார். டார்ச் விளக்கோடு அதன் அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்ததில் உலர்ந்த சூயிங்கமும் ஒற்றைக் கையுறையும்தான் கிடைத்தன. மறுநாள் மதியம் மார்லிஸை மைதானத்துக்கே வரவழைத்தார்.

"இயந்திரம் எதுவும் இல்லன்னு நானே பாத்துட்டேன், மேடம். ஆனா வாயும் இல்லையே. வாய் இல்லாம வர்ற சத்தம் செயற்கைச் சத்தம்தான். ஒவ்வொரு தடவையும் உங்க அணிக்குப் பதினஞ்சு கெஜம் அபராதம் போடச் சொல்லுவேன்."

"வாயால கத்துறதுதாங்க அது."

"அந்த வாய் இப்ப எங்க இருக்கு?"

"லூத்தரன் சர்ச் கல்லறையில."

"அது மைதானத்துக்கு வெளிய இருக்கு," என்றார் க்ரோஸ், மரியாதைக் குறைவில்லாமல்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. இரும்புக்கடை பட்ச் ஹேன்ரஹன், மனைவி செய்த உருளைக்கிழங்கு கேசரோல் பதார்த்தத்தைத் தூக்கிக்கொண்டு மார்லிஸின் வாசலில் வந்து நின்றான். "ஒரே ஒரு நாள், மார்லிஸ். ஓரின்கிட்ட கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

"கல்யாணமான நாள்லேருந்து சொல்லிப் பாத்தவ நான். என்னிக்காவது கேட்டானா, நீயே சொல்லு."

ஆனால் அவளுடைய கவலை அதுவல்ல. இந்த முறை அவன் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான்.

சனிக்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் அந்த இருக்கையின் பனியைத் துடைத்தாள். "இன்னிக்கு மட்டும் வாய மூடிக்கிட்டு இரு, ஓரின். கோச்சுக்காத," என்றாள்.

ஓரின் கேட்டுக்கொண்டான். எதிரணி முதன்முறையாக மூன்றாவது முயற்சிக்கு நின்றபோது மைதானமே கத்துவதை விட்டுவிட்டு அந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே பல் விழுந்த இடம்போல ஒரு மௌனம். எதிரணித் தலைவனின் குரல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்போலத் தெளிவாகக் கேட்டது; அவனுடைய ஆட்கள் கெஜம் கெஜமாக முன்னேறினார்கள். உள்ளூர் அணி கையில் வைத்திருந்த புள்ளிகள் கரைந்துகொண்டே வந்தன. மார்லிஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. அடக்கம் நடந்த அன்றுகூட வராத கைம்மை அப்போதுதான் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

கடைசி நிமிடத்தில் உள்ளூர் அணிக்கு மூன்றே புள்ளி முன்னணி. எதிரணி கோல் கோட்டுக்கு எட்டும் தூரத்தில், மூன்றாவது முயற்சிக்கு நின்றது. மார்லிஸ் எழுந்தாள். கம்பளி உருண்டை படிகளில் உருண்டுகொண்டே போனது. ஆயுளில் ஒரு ஆட்டத்திலும் குரல் உயர்த்தாத அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஓரினின் சத்தம் வந்தது. "தள்ளுங்கடா அவனுங்கள!"

எதிரணியின் மிகப் பெரிய ஆள் பந்து நகரும் முன்பே பாய்ந்துவிட்டான். ஐந்து கெஜம் பின்னால் போய் மறுபடி நின்றார்கள், மார்லிஸ் மறுபடி கத்தினாள். இந்த முறை மைதானம் முழுவதும் சேர்ந்துகொண்டது. பந்து தலைவனின் கைக்கு வராமல் காலுக்குப் போக, உள்ளூர்ப் பையன்கள் அதன்மேல் குவியலாக விழுந்தார்கள்; ஆட்டம் அவர்களுடையதானது.

க்ரோஸ் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பல் வைத்தியரைப்போல டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தார். டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இருக்கையைக் குனிந்து ஒரு முறை பார்த்தார்.

"வாய் இருக்கு. டிக்கெட் இருக்கு. மைதானத்துக்கு உள்ளதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த சுற்றில் வெளியூர் மைதானத்தில் உள்ளூர் அணி மோசமாகத் தோற்றது. ஓரினின் சத்தம் பழைய இருக்கைக்குத் திரும்பவில்லை. மார்லிஸின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது வீட்டில் பேசாதவன் இப்போது பேக்கரியில் ரை தானிய ரொட்டி கேட்டான், அஞ்சல்காரருக்குக் காலை வணக்கம் சொன்னான், கொதிகலனைத் திட்டினான். எது யாருடைய பேச்சு என்று ஊரார் முதல் வாரம் யோசித்தார்கள், பிறகு இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்பு பாடகர் குழுத் தலைவி மார்லிஸைப் பெண்கள் வரிசையிலிருந்து பின்னாலிருந்த ஆண்கள் வரிசைக்கு மாற்றினாள். அடிக்குரலுக்கு அங்கே வெகுநாளாக ஆள் இல்லாமல் இருந்தது.