முடிவு ஜெபம்

பாஸ்டரம்மா லோகநாயகியைப் பழிவாங்க வேண்டும் என்று மாலதி இரண்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். ஊழியக்காரன் மனைவிக்கு இது அடுக்குமா என்று கேட்பவர்கள், அவளுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

கடலூர் முதுநகரில், லோகநாயகியின் புருஷன் பாஸ்டராக இருந்த சபையில், மாலதியின் புருஷன் கதிரவன் வாலிபர் ஊழியம் பார்த்தான். வாலிபர் ஊழியம் என்றால் கிட்டார், பாட்டு, முகாம் என்றுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். அடுப்படியில் நிற்பவளைக் கேட்டால் தெரியும். சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் மொத்தமும் அவள் வீட்டில்தான் சாப்பிடும். காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி என்று எவனாவது கூடத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பான். புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச நேரம் கிடையாது. ஒருநாள் தாங்கமுடியாமல் லோகநாயகியிடம் போய், "பேசாம எங்கம்மா வீட்டுக்கே போயிடலாம்னு தோணுதும்மா" என்று அழுதாள். லோகநாயகி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த பெண்கள் கூட்டத்தில் ஜெப விண்ணப்ப நேரம் வந்தது. லோகநாயகி மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, மாலதி சிஸ்டர் புருஷன விட்டுட்டுப் போற நெலமையில இருக்காங்க. அந்தக் குடும்பத்துல என்ன நடக்குதுன்னு உமக்குத் தெரியும்."

அத்தனை பேரும் ஆமென் என்றார்கள். மேடையில் பேசினால் மறுத்துப் பேசலாம். ஜெபத்தை யார் நடுவில் நிறுத்துவது? செருப்பு மாட்டிக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள் பாடகர் குழுப் பெண் ஒருத்தியின் பெயரைக் கதிரவனோடு சேர்த்துவிட்டார்கள். கமிட்டி கூடிப் பேசி, அவனைக் கிள்ளையில் இருந்த சின்னக் கிளைச் சபைக்குத் தள்ளிவிட்டது. வாலிபர் ஊழியம் லோகநாயகியின் மகன் எழிலனுக்குப் போனது. அதற்காகத்தான் அந்த ஜெபமே என்று மாலதி அடித்துச் சொல்வாள்.

2009-இல் சிதம்பரத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வாலிபர் ஊழியர்களின் மனைவிமாரை ஊக்கப்படுத்துகிற கூட்டமாம். பிரசங்கச் செய்தி கொடுப்பது யார் என்றால், சாட்சாத் லோகநாயகி. உள்ளூர்க்காரர்களுக்குப் பழைய கதை தெரியாததால் முடிவு ஜெபத்தை மாலதிக்குக் கொடுத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலதி தட்டு கழுவிக்கொண்டிருந்த குழாயடிக்கு எழிலனின் மனைவி காயத்ரி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரவிக்கைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். தோளெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"பெல்ட்டாலக்கா. மேடையில வாலிபப் பசங்களுக்கு அன்பப் பத்திப் பேசிட்டு வந்து, வீட்ல இப்பிடி. அத்தைக்கும் தெரியும். பொறுத்துப்போன்னு சொல்றாங்க."

"உங்க வீட்ல சொன்னியா?"

"மேல்பட்டாம்பாக்கத்துலருந்து எங்கப்பா ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போறேன்னாரு. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுக்கா. தெரிஞ்சுதுன்னா அத்தை என்னை வெளிய வுடவே மாட்டாங்க."

"எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கும். தைரியமா இரு" என்றாள் மாலதி. மனதாரத்தான் சொன்னாள்.

லோகநாயகி மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செய்தியின் நடுவே மாலதி பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"எங்க எழிலன் வந்தப்புறம்தான் அங்க வாலிபர் ஊழியம் தல தூக்குச்சு. முன்ன இருந்தவங்களுக்குச் சொந்தக் குடும்பத்தயே நடத்தத் தெரியல. இப்ப கிள்ளையில நல்லா மீன் கொழம்பு சாப்ட்டுக்கினு இருக்காங்க."

கூட்டம் சிரித்தது. மாலதிக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. முடிவு ஜெபத்துக்குக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, எங்க பாஸ்டரம்மா குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம். எழிலன் பிரதர் பெஞ்சாதிய பெல்ட்டால அடிக்கிறாரே, அந்தக் கைய நீர் தடுத்து நிறுத்தும். தெரிஞ்சும் மூடிமறைக்கிற பெத்தவங்கள மன்னியும்."

"ஆமென்" என்றது கூட்டம், பழக்கதோஷத்தில். பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. மாலதி ஓரக்கண்ணைத் திறந்து பார்த்தாள். லோகநாயகியின் முகத்தில் ஈயாடவில்லை. அடடா, அந்தச் சுகம் இருக்கிறதே! இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்படியே இறங்கியது. ஆசை தீர இன்னும் கொஞ்சம் நீட்டி ஜெபித்துவிட்டுத்தான் மைக்கை வைத்தாள்.

லோகநாயகி அவளிடம் சண்டைக்கு வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் காயத்ரியிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போன குடு. உங்கப்பன் கிப்பன் ஒருத்தனும் வரவேணாம். ஏறு வண்டியில."

நல்ல ஜெபம் சிஸ்டர் என்று யாரோ மாலதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"காயத்ரி, எறங்கிடு! எங்கூட கிள்ளைக்கு வந்துடு!"

காயத்ரி அழவில்லை. அவள் மணிக்கட்டு இன்னும் மாமியார் பிடியில்தான் இருந்தது.

"உங்களுக்கு நடந்தது தெரிஞ்சுதான்க்கா உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.