கீழே வராத பந்து

பத்து ஓவர் ஆட்டத்தின் விதிகள் நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் அடங்கும் அளவுக்குக் குறைக்கப்பட்ட ஆண்டு, தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது ஓவரில் தூக்கி அடிக்கப்பட்ட பந்து கீழே வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்த வாரம் தக்காளி விலை இறங்கியது, பேருந்துக் கட்டணம் ஏறியது. பந்து மட்டும் விளக்குக் கம்பங்களுக்குச் சற்று மேலே, ஏறிய இடத்திலேயே நின்றது.

இதற்குக் காரணமானவரை ஊரில் விதிக்காரர் என்பார்கள். கிரிக்கெட் சங்கத்தில் விதிகளுக்குப் பொறுப்பு அவர்தான். மைதானத்தில் காலி நாற்காலிகள் பெருகியபோது, ஆட்டம் தெரியாதவர்களும் வந்து உட்காரும்படி விதிகளைச் சுலபமாக்கித் தரச் சொன்னார் சங்கத் தலைவர். விதிக்காரர் அதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டார்: தம் மனைவி. மாலையில் அவள் இஸ்திரி போடும்போது எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகப் படித்துக் காட்டுவார். "புரியலையே" என்று அவள் சொன்னால், கரண்டியை மட்டையாகவும் சட்டைப் பொத்தானைப் பந்தாகவும் வைத்து விளக்குவார். அப்படியும் தலையாட்டவில்லையென்றால் விதியின் மேல் ஒரு கோடு. எல்.பி.டபிள்யூ. போனது, லெக் பை போனது, கடைசியில் பந்து எப்போது ஓய்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் டெட் பால் விதியும் போனது. அந்த ஒன்றோடு அவர் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். வாரம் முழுக்க அவள் ஒரே தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"என் வீட்டுக்காரிக்கே புரிஞ்சிடுச்சு, இனிமே யாருக்குப் புரியாது?" என்று கூட்டங்களில் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். தலைவருக்கு அது பிடித்துப்போய், தொடக்க நாளன்று ஒலிபெருக்கியில் அப்படியே அறிவித்து, அவள் உட்கார்ந்திருந்த வரிசையையும் கைகாட்டினார். மைதானமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். பக்கத்திலிருந்த விதிக்காரரும் சிரித்தார். கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிப்பது அவருக்குச் சுலபமாகவே இருந்தது.

பிறகுதான் அந்தப் பந்து மேலே போனது. அடியில் கேட்ச் பிடிக்கக் கையேந்தி நின்றவருக்குக் கழுத்து வலித்ததும் இன்னொருவர் வந்து மாற்றிக்கொண்டார். நிறுத்தச் சொல்ல விதி இல்லாததால் மட்டைக்காரர்கள் இருவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டார் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அதற்கு முன்பே தலைவர் படியேறி வந்து, "என்னய்யா இது?" என்று விதிக்காரரிடம் கத்தினார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"கீப்பர் கையிலயோ பவுலர் கையிலயோ அடங்கினா பந்து ஓஞ்சதா அர்த்தம். பவுண்டரி கயித்தத் தொட்டாலும் சரி, ஆள் அவுட்டானாலும் சரி. அந்த விதியத்தான் அடிச்சிட்டாரே. ஓயவே வேண்டாம்னா அது எதுக்குக் கீழ வரணும்?"

அவருக்கு முகம் தீப்பிடித்தது. வீட்டுக்கு வந்து, அவள் இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் கேட்டார்: "அப்போ, உனக்குப் புரிஞ்சுதா?"

"மூணு அண்ணனுங்க சண்டைக்கு நடுவுல அம்பயரா நின்னு வளர்ந்தவ நான். நீங்க கேட்டதில்ல."

"பின்ன ஏன் புரியலன்னு சொன்னே?"

அவள் ஒரு சட்டையின் காலரை விரித்தாள். "புரிஞ்சுதுன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்களே."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த ஸ்டூலில் தாம் உட்கார்ந்தது அந்த ஒரு பருவம்தான் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை தலைவரிடம் போய், டெட் பால் விதியைத் திரும்பச் சேர்த்துவிடலாம், பந்து இறங்கிவிடும் என்றார். தலைவர் ஜன்னலைத் திறந்து காட்டினார். மைதானத்தைச் சுற்றி வரிசை தெருமுனை தாண்டி நின்றது. கிரிக்கெட்டே தெரியாதவர்கள் சீட்டு வாங்கி, உள்ளே போய், அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. "இதைவிடச் சுலபமா யாருய்யா ஆக்க முடியும்? பேசாம போ" என்றார் தலைவர்.

விதிக்காரர் போகவில்லை. நேரே ஒலிபெருக்கி அறைக்குள் நுழைந்து சொன்னார்: "என் மனைவிக்கு எல்லா விதியும் புரிஞ்சுது. புரியாதது எனக்குத்தான்." அன்று சிரிப்பதற்குத் திரும்பிய மைதானம் இப்போது திரும்பவில்லை, எல்லாத் தலைகளும் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். "யாராவது காதுல வாங்கினாங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார். அவள் போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

தலைவர்கள் மாறினார்கள், நாற்காலிகள் மாறின, பந்தின் சிவப்பு வெளுத்தது. அதன் மேல் காகம் உட்காருவதை இப்போது யாரும் சொல்லிக்கொள்வதில்லை. விதிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். மாலையில் அவள் இஸ்திரி போடும்போது தாம் கோடு போட்டு அடித்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிறார். படித்து முடிக்குமுன்பே "புரிஞ்சுது" என்கிறாள். அவர் எழுந்திருப்பதில்லை. அந்த ஜன்னலிலிருந்து பந்து நன்றாகத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டித்தான் அவர் ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறார்.