வீல்சேரை விட்டு இறங்கியவள்

...நடக்கத் தெரியாதவளா நான், ஈரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி பொதுப்பணித்துறை ஆபீஸ் வரைக்கும் இருபத்தேழு வருஷம் நடந்தே போனவள், ஆட்டோக்காரர்கள் "ஏறிக்குங்கக்கா" என்று கூப்பிடக் கூப்பிட நடந்தவள், என்னைப் போய் அமெரிக்காவிலிருந்து வீல்சேரில் உட்கார வைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறான் என் தம்பி, வயது ஐம்பதுதான் ஆகிறது, முழங்கால் இரண்டும் கல்லைப் போல உறுதியாக இருக்கின்றன, ஆனால் சபரிநாதனிடம் எதற்கும் காரணம் தயாராக இருக்கும், "அக்கா, மில்பிடாஸ்ல எல்லாருமே பேரன்ட்ஸுக்கு வீல்சேர் புக் பண்ணித்தான் அனுப்பறாங்க, தள்றவன் கரெக்டா கேட்ல கொண்டுபோய் விட்ருவான், நீ யார்கிட்டயும் பேசவே வேண்டாம்"... பேசவே வேண்டாமாம், கழுத்தில் வேறு ஒரு பிளாஸ்டிக் அட்டையைத் தொங்கவிட்டான், இவருக்கு ஆங்கிலம் தெரியாது, தயவுசெய்து உதவவும் என்று ஆங்கிலத்தில், மாவட்டத்தில் பாதி பள்ளிக்கூடங்களின் வரைபடங்களில் ஆங்கில எழுத்து என் கையால் எழுதியது, செக்‌ஷன் ஆன் ஏ பி, ஆல் டைமென்ஷன்ஸ் இன் மில்லிமீட்டர்ஸ், எனக்கு ஆங்கிலம் தெரியாதாம். அதற்கு நான் என்ன சொன்னேன், "சரி கண்ணு" என்றேன். அந்த வீல்சேர் இப்போது பாங்காக் ஏர்போர்ட்டில் சுவரோரம் காலியாக நிற்கிறது, நான் அயூத்தியா போகிற மினி பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குப் பாங்காக், சென்னை விமானம் ராத்திரி பத்தரைக்கு, அதுவரைக்கும் என்ன செய்வதாம், வீல்சேர்க்காரர்கள் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திவிட்டுத் தள்ளி வந்தவன் எங்கேயோ போய்விட்டான், எல்லோரும் நம் ஊர் ஆட்கள், எல்லோர் காலிலும் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த வெள்ளை ஷூ, ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் நிஜமாகவே கால் முடியவில்லை, மீதிப் பேர் தொலைந்து போய்விடக் கூடாது என்று உட்கார வைக்கப்பட்டவர்கள். எதிரே ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பலகை, அரை நாள் அயூத்தியா சுற்றுலா, காத்திருக்கும் பயணிகளுக்கு இலவசம் என்று ஆங்கிலத்தில், படத்தில் செங்கல் கோபுரம் ஒன்று கொஞ்சம் சாய்ந்து நின்றது, அந்தச் சாய்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை டிகிரி இருக்கும், அஸ்திவாரத்தில் எந்தப் பக்கம் மண் இளகியிருக்கும்... எழுந்துவிட்டேன். பக்கத்து வீல்சேர்ப் பெரியவர் பதறிப்போய், "அம்மா, நடக்கறீங்களே!" என்றார். "ஆமாங்க, ஒரு வயசுல இருந்தே நடக்கறனுங்க" என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், புடவையில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், கழுத்து அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன், போடும்போது அந்தக் கவர் விரலில் பட்டது, சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

கவரில் இருப்பது என் விருப்ப ஓய்வுக் கடிதம், விருப்பம் யாருடையது என்று அதில் எழுதவில்லை. சபரியே கம்ப்யூட்டரில் அடித்தான், போன வாரம் சாப்பாட்டு மேஜையில் மகள் ரோஷினியின் தயிர்சாதத் தட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கடிதத்தை வைத்தான், "அக்கா, மண்டே ஆபீஸ்ல இதை சப்மிட் பண்ணிட்டு, மூணு மாசம் நோட்டீஸ் முடிஞ்சதும் கெளம்பி வந்துடு, நான் டிக்கெட் போட்டுடறேன், அங்க தனியா இருந்து என்ன பண்ணப்போறே?" பக்கத்தில் எழிலரசி, என் தம்பி பெண்டாட்டி, கெட்டவள் இல்லை, சான்டா கிளாராவில் அவள் கம்பெனியில் வாரா வாரம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், எப்போது தன் பெயர் வருமோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள், "டேகேர்ல வெயிட்டிங் லிஸ்ட் அண்ணி, அப்படியே கிடைச்சாலும் ரோஷினி உங்கள விட்டு இருக்க மாட்டா" என்றாள். "சரி" என்று கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையோடு விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தால் முடிந்தது, கொடுக்காவிட்டால் வரைபலகை முன்னால் என் ஸ்டூலில் போய் உட்காரலாம், அதற்கும் இதற்கும் நடுவில் இந்த அரை நாள் இருக்கிறது, ஒரு மினி பஸ் இருக்கிறது.

அயூத்தியா இவர்களுடைய பழைய தலைநகரமாம், இறங்கியதும் பிம் என்கிற வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் போகிறாள், பர்மாக்காரர்கள் வந்து எரித்தார்கள், புத்தர்களின் தலைகளை வெட்டினார்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறாள், தினமும் சொல்வது, சிரிக்காமல் என்ன செய்வாள் பாவம். எங்கே பார்த்தாலும் செங்கல், பூச்சு உதிர்ந்து உள்கட்டு வெளியே தெரிகிறது, நல்ல கட்டு, இணைப்பு மேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி வைத்திருக்கிறான், அந்தக் கொத்தனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கையை வைத்துப் பார்த்தேன், சூடு, ஆறு மாதம் கழித்து ஒரு சுவரைத் தொடுகிறேன். மில்பிடாஸில் வீட்டுச் சுவரைத் தட்டினால் அட்டைப்பெட்டி போல டொக் டொக் என்கிறது, அதற்குள்தான் ஆறு மாதம், காலை ஏழரைக்கு இருவரும் காரை எடுத்தால் நானும் ரோஷினியும் அந்த அட்டைச் சுவரும், பதினோரு மணிக்கு ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு பார்க்குக்குப் போவேன், அங்கே பெஞ்சில் ஸ்வெட்டரும் ஷூவுமாக நம் ஊர் ஆட்கள், விசா எந்தத் தேதி வரைக்கும் என்பதுதான் ஒருவரையொருவர் கேட்கிற முதல் கேள்வி, அவர்களில் நான்தான் இளையவள், எனக்கு ஆபீஸ் இருக்கிறது என்று சொன்னால் "விட்டுத் தள்ளும்மா" என்று அனுதாபமாகச் சிரிப்பார்கள். வருஷக் கணக்காகச் சேர்த்து வைத்த ஈட்டிய விடுப்பு, நூற்று எண்பது நாள், காய்ச்சல் என்றாலும் தொடாமல் வைத்திருந்தது, காசிக்குப் போகலாம், கன்னியாகுமரியில் ஒரு மாதம் தங்கலாம் என்று என்னென்னவோ வைத்திருந்தேன், மொத்தத்தையும் ஸ்ட்ரோலர் தள்ளியே தீர்த்தேன்.

மரத்தடியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒரு புத்தர் தலை, உடம்பு இல்லை, ஆலமரம் மாதிரி ஒரு மரத்தின் வேர்கள் நாலு பக்கமும் வளர்ந்து வந்து நடுவில் முகத்தை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன, போட்டோ எடுப்பவர்கள் அந்தத் தலையைவிட உயரமாக நிற்கக் கூடாது, குனிய வேண்டும் என்றாள் பிம், எல்லோரும் மண்டியிட்டார்கள், "மரம் இவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது" என்றாள், எல்லோரும் ஆ என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, பிடித்து வைத்திருப்பதற்கு இப்படி ஒரு பெயரா, அந்தத் தலையை யாராவது கேட்டார்களா... இப்படித்தான் சபரியும், வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடுவான், "எங்கக்கா எனக்காகக் கல்யாணமே பண்ணிக்கல, என்னைப் படிக்க வெச்சதே அவதான்", கேட்பவர்களுக்குக் கண் கலங்கும், அடுத்த நிமிஷம் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள். அப்பட்டமான பொய். அவன் படித்தது அப்பா விட்டுப்போன நிலத்தை விற்ற பணத்தில், எனக்கு வந்தது இரண்டே இரண்டு மாப்பிள்ளைகள், ஒருவன் பெண் பார்க்க வந்த இடத்தில் வேலையை எப்போது விடுவாய் என்றான், இன்னொருவன் வாயே திறக்காமல் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், நான் யாருக்காகவும் எதையும் விடவில்லை, வேண்டாம் என்றேன், எனக்கு வேண்டாம். என் வேண்டாமை எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறான், ஒரு தடவை விட்டவள் இன்னொரு தடவையும் விடுவாள் என்று கணக்குப் போட்டுத்தானே கடிதம் அடித்தான்? ஆனால் ஆறு மாதமும் அந்தக் கதையை அவன் சொல்லும்போதெல்லாம் நான் என்ன செய்தேன், காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரோஷினிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டரை வயது, "அத்தை, அப்" என்று இரண்டு கையையும் தூக்கினால் எனக்கு எல்லாம் மறந்துவிடும். ஏர்போர்ட்டில் அவள் அழவில்லை, நான் கிரேட் மாலுக்குப் போய்விட்டு வந்துவிடுவேன் என்று நினைத்தாள், கையசைத்தாள், இந்நேரம் தேட ஆரம்பித்திருப்பாள், கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில்... தேடட்டும், குழந்தை தேடுகிறாள் என்பதற்காக மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க முடியுமா, அவள் பெரியவளானதும் அவளிடமும் சொல்வான், அத்தை உனக்காக வேலையை விட்டாள் என்று, அந்தக் குழந்தை தலையில் அதை ஏன் ஏற்ற வேண்டும்?

கடைசியாக அந்தச் சாய்ந்த கோபுரம். படத்தில் பார்த்ததைவிடப் பெரியது, நேராக மேலே ஏறும் படிகள், சுற்றிலும் மஞ்சள் துணி போர்த்திய புத்தர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மேடம், யூ வெயிட் பஸ், மெனி ஸ்டெப்ஸ், வீல்சேர்" என்றாள், அவள் கையில் இருக்கிற பயணிகள் பட்டியலில் என் பெயருக்கு நேராகச் சக்கரத்தோடு ஒரு சின்னப் படம், அது இங்கேயும் வந்துவிட்டது. அதற்குள் பிளெய்ன்ஸ்பரோ என்கிற இன்னொரு அமெரிக்க ஊரிலிருந்து வந்த ராஜலக்ஷ்மி, வழி முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டு வந்த பெண், முப்பத்தைந்து இருக்கும், ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க வீல்சேர் தானே, ஏர்போர்ட்ல பார்த்தேனே, ஏறாதீங்க ப்ளீஸ். பையன் எங்க இருக்கார், பே ஏரியாவா?"

"பையன் இல்லீங்க."

"பொண்ணா? டெலிவரிக்கு வந்தீங்களா?"

"கல்யாணமே ஆகலீங்க."

அவள் இன்னொரு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது ஆன்ட்டி?" என்றாள், நல்ல பெண்தான், நிஜமாகவே பயந்தாள். "நானே சொல்லிக்கறேன். எனக்கு ஆபீஸ் இருக்குதுங்க, திங்கக்கெழம டூட்டி" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, யார் சொன்னது, சத்தமாக, மூன்றாம் மனுஷியிடம், புத்தர்கள் முன்னால்... தோளை விடுவித்துக்கொண்டு புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகி ஏறினேன்.

ஒரு படி ஒன்பது அங்குலம் இருக்கும், ஏழுக்கு மேல் போட்டால் எங்கள் என்ஜினியர் வரைபடத்தைத் திருப்பி அனுப்புவார், இருபது, இருபத்தொன்று, மூச்சு வாங்குகிறது, வாங்கட்டும், ஆபீஸில் பக்கத்து மேஜை கண்மணி போன மாதம் போனில் சொன்னாள், "உங்க ஸ்டூல்ல நான் யாரையும் உக்கார வுடலீங்கக்கா", முப்பத்தாறு, முப்பத்தேழு, பிள்ளைகளே பெறாத எனக்கு ஊரெல்லாம் ஒரு பையனைத் தேடிக் கொடுக்கிறார்கள், அந்தப் பையன் எனக்கு வீல்சேர் புக் பண்ணுகிறான், நாற்பத்தைந்து... மேலே வந்துவிட்டேன். காற்று அடிக்கிறது. கீழே சிவப்புக் குடை சின்னதாகத் தெரிகிறது, ராஜலக்ஷ்மி வீடியோ கேமராவை என் பக்கம் திருப்பியிருக்கிறாள், எடுத்துக்கொள்ளட்டும். செங்கல் திட்டில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தேன், கவரை எடுத்தேன், கிழிக்கத்தான் எடுத்தேன், பொய் சொல்லக் கூடாது.

பிரித்தால் சபரி அடித்த ஆங்கிலம், குடும்பச் சூழ்நிலை காரணமாக, மிகுந்த பணிவுடன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, கீழே வலது மூலையில் என் கையெழுத்து. அதன் கீழே ஒன்றும் இல்லை. தேதி இல்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறும் தாள். என் கையெழுத்துக்குக் கீழே தேதி இல்லையா, எங்கள் வரைவறையில் கையெழுத்தும் தேதியும் ஒரே மூச்சு, பேனாவை எடுக்காமல் போடுவது, தேதி இல்லாத வரைபடத்தை எந்தக் காண்ட்ராக்டரும் தொட மாட்டான், ஒரு செங்கல் நகராது, சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை விட்டேன், சூப்பரின்டென்டென்ட் எல்லோர் முன்னாலும் தாளைத் தரையில் வீசினார், அன்றிலிருந்து மளிகைச் சீட்டில் கூட நான் தேதி போடாமல் விட்டதில்லை. கொடுக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, இல்லை, அப்படி எதையும் நினைக்கவே இல்லை, தயிர்சாதத் தட்டைப் பார்த்துக்கொண்டு போட்டேன், அவ்வளவுதான் ஞாபகம். அப்படியானால் கை அன்றைக்கே நிறுத்திவிட்டிருக்கிறது, என்னைக் கேட்காமல், மில்பிடாஸில், அந்த மேஜையிலேயே... கிழிக்கவில்லை, நாலாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தேன், அதற்குள் கீழிருந்து பிம் குடையை ஆட்டி, மேடம், மேடம் என்று கூப்பிடுகிறாள், பஸ் புறப்பட வேண்டும், ஏர்போர்ட்டில் அந்த வீல்சேர் காத்திருக்கும், ராத்திரி தள்ளுகிறவன் வந்து உட்காரச் சொல்வான், அது கிடக்கட்டும், இறங்க வேண்டும், ஆனால் படியில் கால் வைத்தவள் அப்படியே நிற்கிறேன், என் கைக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது, அப்போது இத்தனை வருஷமும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்?