கூட்டாமல் குறைக்காமல்

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் மகள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் வெள்ளைச் சட்டை. கோர்ட்டுக்குப் போகும்போது மட்டும் போடுவது. மற்ற இடமெல்லாம் சொன்னபடி கேட்டது, காலர் மட்டும் மடங்கவில்லை. தண்ணீர் தெளித்து மறுபடி அழுத்தினாள். சூடு பட்ட ஈரத்துணி உஸ்ஸென்றது. பெரியமாமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவின் அண்ணன். கல்யாணமோ சாவோ, பத்துப் பேர் கூடினால் தலைமை தனக்குத்தான் என்று நம்புகிறவர். காலையிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சாவைச் சொன்னதும் அவர்தான்.

"என்னம்மா பண்றே?"

"இஸ்திரி போடறேன் மாமா."

"எனக்குக் கண்ணு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

"கோர்ட்டுக்கு. மதியம் விசாரணை இருக்கு. அம்மா போக வேண்டியது."

மாமாவுக்கு ஒரு நிமிடம் வாயடைத்துப்போனது. அபூர்வமான காட்சி, அம்மா பார்த்திருந்தால் ரசித்திருப்பாள்.

"பெத்தவ கூடத்துல கெடக்கா. சாயந்தரம் வண்டி வருது. நீ கோர்ட்டுக்குப் போறியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"என்ன பேசினாலும் கேட்டு வைங்க மாமா. வந்து மொழிபெயர்த்துத் தரேன்."

அம்மாவின் வேலை அதுதான். ஆங்கிலத்திலிருந்து உருதுவுக்கு, உருதுவிலிருந்து ஆங்கிலத்துக்கு. அவள் வளர்ந்த தெருவில் முக்கால்வாசி வீடுகள் உருது பேசின. தமிழ் வீட்டுப் பெண் குழாயடியில் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட பாஷை பின்னாளில் சோறு போட்டது. மகளுக்கும் அதே தெரு, அதே வாய், கடைசியில் அதே உத்தியோகம், வேறொரு கோர்ட்டில். "அடுத்தவன் வீட்டுச் சண்டைய ரெண்டு பாஷைல கேக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்பார், அந்தப் பாஷையைக் காதில் வாங்காமலே வளர்ந்த பெரியமாமா. "உங்க வீட்டுச் சண்டைய ஒரே பாஷைல கேட்டே எனக்குக் காது வலிக்குதுண்ணா" என்பாள் அம்மா.

இன்றைய வழக்கு ஒரு தையல்காரியினுடையது. புருஷன் அவள் வீட்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று நீதிபதி போட்டிருந்த தடை இன்றோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் ராத்திரியே வந்து கதவைத் தட்டுவான். முதல் விசாரணையில் அவளுக்கு மொழிபெயர்க்கப் புருஷனின் சித்தப்பா மகனே எழுந்து நின்றான். இரண்டு பாஷையும் தெரிந்தவன்தானே என்று கோர்ட்டும் விட்டுவிட்டது. கழுத்தை நெரித்தான் என்று அவள் உருதுவில் சொன்னாள். கொஞ்சம் கோபப்பட்டார் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான். நீதிபதி தலையாட்டினார். வேறொரு வழக்குக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, "அவங்க சொன்னது அது இல்லீங்க" என்றாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அன்றிலிருந்து அந்த வழக்கு அம்மாவுடையது.

போன வாரம் ஆஸ்பத்திரியில், முகத்தை மூடியிருந்த மாஸ்க்கைத் தானே தூக்கிக்கொண்டு அம்மா சொன்னாள்: "நான் இல்லேன்னா நீ போ. அவனப் பூசி மெழுக விட்டுடாதே." மகளுக்கு வந்த கோபத்தில் அழக்கூட முடியவில்லை. சாகப்போகிறவள் பெற்ற மகளிடம் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா என்று இருந்தது. இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. ஆனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் அப்பா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க" என்றார் மாமா.

அப்பா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் கெளம்பலியா? அவ இருந்தா இந்நேரம் திட்டியிருப்பா. போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் வண்டி நிக்கும்."

"குடும்பமே கூத்தாடுது" என்று மாமா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கோர்ட்டு வாசலில் தையல்காரி காத்திருந்தாள். விரலில் தையல் உறையைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

"ஆபா எங்கே?" அம்மாவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு நான்" என்றாள் மகள் உருதுவில். சாட்சி சொல்லப் போகிறவளைக் கலங்கடிக்கக் கூடாது. அது பொய்யும் இல்லை.

உள்ளே சித்தப்பா மகன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவைக் காணோம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அம்மாவின் சட்டையில் இவளைப் பார்த்ததும் காலை இறக்கினான்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று தள்ளி நின்று பேசக் கூடாது. சாட்சி 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "வாய் மட்டுந்தான் நம்மது, பேச்சு அவங்களது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்பாள் அம்மா. அப்படி எத்தனையோ பேரின் அடியையும் பசியையும் 'நான்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைப்பாள்.

புருஷனின் வக்கீல் எழுந்தார். "உண்மையிலேயே அடித்திருந்தால் நீங்கள் தாய் வீட்டுக்குப் போயிருப்பீர்களே. ஏன் போகவில்லை?"

மகள் அதை உருதுவில் சொன்னாள். தையல்காரி பட்டென்று பதில் சொன்னாள்.

"மேரி மா நஹீ ரஹீ."

என் அம்மா இப்போது இல்லை. எளிய வாக்கியம், குழந்தைகூட மொழிபெயர்க்கும். மகளுக்கு வாய் எழவில்லை. காலையிலிருந்து அதை அவள் எந்தப் பாஷையிலும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். சித்தப்பா மகன் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, "வேண்டுமானால் நான்..." என்று இழுத்தான்.

அவன் குரல் கேட்டதுதான் தாமதம், அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"என் அம்மா செத்துப்போய்விட்டாள்" என்றாள் ஆங்கிலத்தில். அறை முழுக்கக் கேட்டது.

அவன் உட்கார்ந்தான்.

தையல்காரி நிறுத்தவில்லை. கேட்க நாதியில்லை என்று நினைத்து என் கழுத்தை நெரித்தான். கதவை உடைத்தாலும் நான் திரும்பிப் போக மாட்டேன். போக மாட்டேன். மகளும் நிறுத்தவில்லை. 'போக மாட்டேன்' என்று அவள் இரண்டு தரம் சொன்னதை இவளும் இரண்டு தரமே சொன்னாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மொழிபெயர்ப்பாளர் ஏன் கத்துகிறீர்கள்?"

"சாட்சி கத்தினார் ஐயா. நான் குறைக்க முடியாது."

அது உண்மைதான். முழு உண்மையா என்று யாரும் கேட்கவில்லை.

தடையை நீட்டித்தார்கள். வெளியே படிக்கட்டில் தையல்காரி அவள் கையைப் பிடித்து மறுபடி கேட்டாள், ஆபா எங்கே என்று. இனி மறைக்க ஒன்றுமில்லை. சொன்னாள். காலையில் போய்விட்டாள், இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள் என்று.

தையல்காரி சட்டையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று பார்த்தால் திட்டத் தொடங்கினாள். மூச்சுவிடாமல் திட்டிவிட்டு, "இதை அவளிடம் சொல். ஒரு வார்த்தை குறையக் கூடாது" என்றாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அதற்குப் பக்கத்திலேயே பெரியமாமாவும் நின்றார்.

"வந்தாச்சா மகாராணி? ஊரே காத்துக்கெடக்கு."

அவள் நேரே கூடத்துக்குப் போனாள். அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, அத்தனை பேர் முன்னால், உருதுவில், தையல்காரி எந்தக் குரலில் சொன்னாளோ அந்தக் குரலிலேயே சொன்னாள்: "அடி துரோகி, தீர்ப்பு வர்றதுக்குள்ள ஓடிட்டியே. நான் உன்மேல கோவமா இருக்கேன், ஆபா. இந்தக் கோவம் எனக்குத் தீராது. ஆனா ஜெயிச்சுட்டோம். உன் பொண்ணு உன்னைவிடச் சத்தமாக் கத்தறா. போ, நிம்மதியாப் போ."

கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன சொன்னே?" என்றார் மாமா. "எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு."

அவள் எழுந்தாள்.

"அது அம்மாவுக்கு, மாமா. உங்களுக்கு இல்லே."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மெல்ல எழுந்து மகளிடம் வந்து, தூக்கிக்கொண்டு நின்ற காலரை இரண்டு கையாலும் மடித்துவிட்டார். கையை எடுத்ததும் அது மறுபடி நிமிர்ந்துகொண்டது.