பாதித் தேர்வில் எழுந்து போனவள்

வேதியியல் தேர்வு பாதியில் இருக்கும்போது நெரெய்தா எழுந்து வெளியே போனாள். பின்னால் உட்கார்ந்திருந்த அறைத்தோழி கிரிசெல்தாவும் தாளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நெரெய்தா சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கை மரத்துப் போச்சுடி. செத்துடுவேன் போலிருக்கு."

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, இது மனப் பதற்றம், ஆலோசகரைப் பாருங்கள் என்றார்கள்.

கிரிசெல்தாவால் நம்ப முடியவில்லை. ஃப்ரெஸ்னோ ஊர்ப்பக்கம் திராட்சைத் தோட்டக் கூலி வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நெரெய்தா. அவள் அம்மா ரொசால்பாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். கரண்ட் ஆபீஸ், தம்பியின் பள்ளிக்கூடம் என்று எங்கே பேசுவதானாலும் மகளுக்குத்தான் போன் வரும். வகுப்பு நடுவிலும் எழுந்து போய்ப் பேசிவிட்டு வருவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"ஆலோசகர்கிட்ட போறியா?" என்று கேட்டாள் கிரிசெல்தா.

"பொண்ணுக்குப் பைத்தியம்னு ஊரே பேசும்டி."

"ஊரா வந்து உனக்குப் பரீட்சை எழுதப் போகுது?"

நெரெய்தா சிரித்துவிட்டாள். மறுவாரம் போனாள். அழுததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்று வந்து சொன்னாள். ஆனாலும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய காரியத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் செய்தாள். கிரிசெல்தாவும் கூட இருந்தாள். ரொசால்பா தமாலே என்ற கொழுக்கட்டைக்காகச் சோளத்தோலில் மாவு தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் மனசு டாக்டரைப் பாக்குறேன்."

ரொசால்பாவின் கை நின்றது. "உனக்கென்ன குறை, கண்ணு? வெயில்லயா வேலை பாக்குற?"

"குறை ஒண்ணுமில்லம்மா. எல்லாத்தையும் என்னால சுமக்க முடியல. இனிமே வகுப்பு நேரத்துல போன் எடுக்க மாட்டேன். சாயங்காலம் பேசிக்கலாம்."

தன் வீட்டில் இப்படி வாயைத் திறக்க கிரிசெல்தாவுக்குத் தைரியம் வந்ததே இல்லை.

ரொசால்பா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்கப்பா நம்மள விட்டுப் போன வருஷம் எனக்கும் இப்படித்தான் நெஞ்சை அடைச்சுது. தோட்டத்துலயே உக்காந்துட்டேன். வெயில்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன்" என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "ஸ்பானிஷ் பேசுற டாக்டர் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"அப்ப எனக்கும் ஒருத்தரைப் பாரு."

அடுத்த பருவத்தில் நெரெய்தா அந்தத் தேர்வை மறுபடி எழுதினாள். நடுவில் மூச்சு முட்டியது. பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, அது அடங்கும்வரை இருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதித் தேறினாள். தானும் பக்கத்தில் அதே தேர்வை எழுதியபடி அதைப் பார்த்த கிரிசெல்தா, அந்த வாரமே ஆலோசனை மையத்துக்குப் போன் செய்து தன் பெயரைக் கொடுத்தாள்.