வலது செருப்பு

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு கண்ணு," என்றார் அப்துல் நாசர் மாமா.

அத்தாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தான் இல்யாஸ். முடிச்சுப் போடத்தான் கை வரவில்லை. போன வாரம்வரை அந்த வலது விரலில் போர்வை பட்டால்கூட அத்தா கத்திவிடுவார்.

"வலிக்குமுங்க மாமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. மாமா அவன் தோளில் கை வைத்தார். "இனி வலிக்காது கண்ணு."

விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்த அவன் தந்தை மைதீன் பிச்சை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை, பிரஷரும் உண்டு. கோட்டைமேட்டு வீட்டின் முன்னறையில் செருப்புக் கடை வைத்திருந்தார். சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர்களும் அங்கே வருவார்கள். ஜோடியாக வாங்கி, ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள். மிஞ்சிய ஒற்றைகளை விற்க வழியில்லை, எறியவும் மனமில்லை. ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெருவிரல் சிவந்து வீங்கிய அன்று, தன் வலது செருப்பையும் அதில் போட்டார்.

"என்னங்கத்தா பண்றீங்க?"

"எப்படியும் எடுக்கத்தான போறாங்க. இது எதுக்கு?"

இல்யாஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலோடு திரும்ப முடியாது என்று அடம்பிடித்தார். போன வாரம்தான் கெஞ்சிக் கூட்டிப்போக முடிந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "யூரிக் ஆசிட் ஏறியிருக்குங்க. சர்க்கரை, பிரஷர் இருக்கறவங்க நெறையப் பேருக்கு இது ஏறும். மூட்டுல படிஞ்சு இப்படி வீங்குது. மாத்திரைக்குக் கேக்கும். கால எடுக்கற பேச்சே இல்லைங்க," என்றார்.

ஆட்டோவில் திரும்பினார்கள். உக்கடம் வந்ததும் அத்தா கேட்டார். "அந்தம்மாகிட்ட அப்படிச் சொல்லச் சொல்லி நீ சொல்லிப்போட்டியா?"

"சத்தியமா இல்லீங்கத்தா."

"ம்."

அந்த 'ம்' இப்போது அவனை அறுத்தது. மாத்திரையில் வீக்கம் வடிந்தது உண்மை. ஆனால் அவர் நம்பினாரா? கால் போகப்போகிறது என்ற பயத்தோடேயே கண்ணை மூடிவிட்டாரா? நேற்று மாலை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். பீளமேட்டில் வகுப்பு இருந்தது, போய்விட்டான். திரும்பி வந்தபோது அத்தா தூங்கியிருந்தார்.

முடிச்சைப் போட்டான். மாமா போர்வையைப் பாதம்வரை இழுத்து மூடினார்.

காற்றுக்காக வாசலுக்கு வந்தான். வந்தவர்களின் செருப்புகள் படிக்கட்டு வரை இறைந்து கிடந்தன. அவற்றின் நடுவே அத்தாவின் பழுப்புத் தோல் செருப்பு. இடது. அதன் பக்கத்தில் வலதும்.

உள்ளே ஓடினான். அம்மா சபுரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அத்தாவோட வலது செருப்ப யாரு வெளிய வெச்சாங்க?"

"அவருதான். நேத்து நீ வகுப்புக்குப் போனதும் பொட்டியக் கவுத்துப்போட்டுத் தேடுனாரு. நான் எடுத்துத் தாரேன்னா கேக்கல. 'அந்தம்மா பொய் சொல்லல சபுரா, எங்காலு எங்கிட்டத்தான் இருக்கும்'னாரு. போட்டுக்கிட்டு முக்கு டீக்கடைக்கு நடந்தே போனாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சக்கரை போட்டுத்தான் குடிச்சிருப்பாரு. வாயத் தொடச்சுக்கிட்டே வந்தாரு, திருட்டு மனுசன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இல்யாஸ் மறுபடி வாசலுக்கு வந்தான். யாரோ தன் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். அத்தாவின் வலது செருப்பு இடம் மாறி, ஒரு குழந்தையின் ஷூ மேல் கிடந்தது. குனிந்து எடுத்தான். குதிகாலில் தெருமண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமல், இடது செருப்பின் பக்கத்தில் நேராக வைத்தான்.