எல்லாம் தானாகத்தான் செய்வார்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் என் மனுசனை இழந்தேன்.

நாகேந்திரத்துக்கு எண்பத்திரண்டு வயது. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. இரண்டு வருடமாக நான்தான் அவருக்குக் குளிக்க வார்த்து, சாரம் கட்டிவிட்டு, சோறு குழைத்துக் கொடுத்தேன். வெளியே ஈ காக்காய்க்கும் தெரியாது. கல்கிசையிலிருந்து மகள் சாம்பவி வரும் நாளிலும், அவள் வருமுன்பே பவுடர் போட்டு, கதிரையில் இருத்தி, கையில் பேப்பரைக் கொடுத்துவிடுவேன். பள்ளிக்கூட அதிபராக இருந்தவரல்லவா? ஊர் பார்த்து ஐயோ என்று சொல்ல விடுவேனா?

சத்திரசிகிச்சை நிபுணர் நல்ல மனிதர். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றலாம், ஆனால் தளர்ந்த உடம்பென்றால் தாங்காது, மருந்தோடு விடுவதுதான் நல்லது என்றார். பிறகு உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கேள்வித்தாளை எடுத்து, இவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, நீங்களாவே குளிப்பீங்களோ?"

இவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "ஓம் டொக்டர், எல்லாம் தானாத்தான் செய்வார்."

"கிட்டடியில எங்கயும் விழுந்தவரோ?"

"சீச்சீ, அப்பிடியொண்டுமில்லை."

போன மாதம் பொங்கலுக்கு மறுநாள்தான் குளியலறையில் விழுந்திருந்தார்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டார். "ஏனப்பா பொய் சொன்னனீர்?"

"பின்னை? பெண்சாதி குளிக்க வாக்கிறா எண்டு அந்தாளுக்குச் சொல்லவோ?"

"எனக்கு இப்பிடியே இருந்தாலும் போதுமப்பா."

"சும்மா வாங்கோ. இன்னும் பத்து வருசம் என்னோட இருக்கோணும் நீங்கள்."

என் பேச்சை அவர் எப்போது தட்டினார்?

என் பதில்களை நம்பி நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள். புது வால்வு நன்றாகவே வேலை செய்தது. மூச்சுத்தான் இயந்திரத்தை விட்டு வரவில்லை. பதினேழாம் நாள் சுபோதினி என்ற இளம் டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

"உடம்பில பலமே இல்லை, அம்மா. முந்தி எப்பிடி இருந்தவர்?"

சாம்பவி அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா எல்லாம் தானாத்தான் செய்வார், டொக்டர். நான் போகேக்கை பேப்பர் வாசிச்சுக்கொண்டிருப்பார்."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ரெண்டு வருசமா நான்தான் எல்லாம் செய்தனான். பொய் சொல்லிப்போட்டன்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. டொக்டர் ஒன்றும் எழுதவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

இரண்டு நாளில் என் மனுசன் போய்விட்டார்.

பிரேதத்தைப் பொறுப்பேற்ற மலர்ச்சாலைக்காரர் சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் வந்து சொன்னார். "குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, எல்லாம் நாங்களே செய்வம் அம்மா. நீங்கள் இருங்கோ."

"வேண்டாம் தம்பி," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "அவருக்கு நான்தான் குளிக்க வாக்கிறனான்."